சுவர்ணபூமியா, சுவன்னபூமா?

பாங்காக் விமான நிலையத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்க்கும் தமிழர் தடுமாறவே மாட்டார். 'சுவர்ணபூமி' என்று சுலபமாகப் படித்துவிடுவார். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'சுவன்னபூம்'. நடுவில் இருந்த 'ர்' காணோம். கடைசி இகரமும் காணோம். பலகையை எழுதியவர் தப்பு செய்துவிட்டார் என்று சொல்ல முடியாது. தாய்லாந்து மொழியான 'தாய்' எழுத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார். காதில் விழுவதை அவர் எழுதவில்லை, அவ்வளவுதான்.

தாய்லாந்தில் ஒரே தெருப் பெயருக்கு மூன்று நான்கு ஆங்கில வடிவங்கள் உலவுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். எழுத்தைப் பெயர்ப்பதா, ஒலியைப் பெயர்ப்பதா? சிலர் அதை, சிலர் இதை.

தாய் எழுத்தின் பாட்டன் நமக்கும் உறவு. பல்லவர் கால எழுத்து கடல் கடந்து கம்போடியாவின் கெமர் எழுத்தாகி, அதிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வாக்கில் தாய் எழுத்து கிளைத்தது. இன்று அதில் 44 மெய்யெழுத்துகள் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் அவை தரும் ஒலிகளோ 21தான். சமஸ்கிருத, பாலிச் சொற்களின் பழைய எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு உச்சரிப்பை மட்டும் காலப்போக்கில் மாற்றிக்கொண்டார்கள். சொல்லின் கடைசிக்கு வந்தால் சுருக்கம் இன்னும் அதிகம். ல, ர, ண எல்லாம் அங்கே 'ன்' ஆகிவிடும். ச, ஜ, ஸ, ஷ எல்லாம் 'ட்' போல அடைபட்டு நின்றுவிடும். முன்னாள் மன்னர் பூமிபோல் பெயர் 'பூமி', 'பல' என்ற இரு சொற்கள் சேர்ந்தது. உலகம் முழுக்க அதை 'எல்' போட்டு முடித்தது, அவருடைய மக்கள் 'பூமிபோன்' என்றார்கள். முன்னாள் பிரதமர் தக்சினின் குடும்பப் பெயரை நம் செய்தித்தாள்கள் 'ஷினவத்ரா' என்று எழுதுகின்றன. தாய்லாந்தில் அதை 'சின்னவட்' என்பார்கள். (தக்சின் வேறொன்றுமில்லை, நம் தட்சிணம்தான்: தெற்கு.)

சரி, ஒலியையே எழுதிவிடலாம் என்றால் அங்கும் சிக்கல். தாய்லாந்து மொழியில் மூன்று வகை 'ப' இருக்கிறது. 'கம்பம்' என்பதில் வரும் ப ஒன்று. 'பழம்' என்பதில் வரும் ப இன்னொன்று. மூன்றாவது, உதட்டிலிருந்து காற்றோடு வெடித்து வருவது. ஆங்கிலேயர் ஒருவரை 'பின்' (குண்டூசி) என்று சொல்லச் சொல்லி அவர் வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அது படபடக்கும். 'ஸ்பின்' என்று சொன்னால் பெரும்பாலும் அசையாது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டுக்குப் பொருள் கிடையாது, அதனால் தனி எழுத்தும் கிடையாது. தாய்லாந்து மொழியில் அது சொல்லையே மாற்றிவிடும். எனவே காற்றோடு வரும் ஒலிக்கு 'எச்' சேர்த்தார்கள். விளைவு, பூக்கெட் தீவின் பெயரில் 'பி'யும் 'எச்'சும் சேர்ந்து நிற்க, வெளிநாட்டார் அதை 'ஃபுக்கெட்' என்று வாசிக்கிறார்கள். பட்டாயாவின் முதல் ஒலியும் அச்சு அசல் அதேதான். அதற்கு மட்டும் 'எச்' இல்லாத வடிவம் நிலைத்துவிட்டது!

நமக்கு இதில் இன்னொரு பொறி. 'டி'யோடு (T) 'எச்' சேர்ந்தால் நாம் 'த' என்று படிப்போம், ஏனென்றால் நம் பெயர்களில் 'ட'வையும் 'த'வையும் பிரித்துக் காட்ட அந்த எச்சைப் பயன்படுத்துகிறோம். தாய்லாந்தில் அந்த 'எச்' மூச்சைக் காட்டுகிறது.

'ஆர்' கதை தனி. பாங்காக்கின் ராஜதாம்னோன் சாலைப் பெயரின் கடைசியில் தாய் எழுத்தில் 'ர' கிடையாது. ஆனால் ஆங்கிலத்தில் பல இடங்களில் ஓர் 'ஆர்' தென்படும். பிரிட்டிஷ்காரர்களில் பெரும்பாலோர் சொல்லின் கடைசியிலோ மெய்யெழுத்துக்கு முன்போ வரும் 'ஆர்' எழுத்தை உச்சரிப்பதில்லை; அதை உயிரொலியை நீட்டும் அடையாளமாகவே வாசிப்பார்கள். அந்தக் காதுக்கு ஏற்ப எழுதியதை அமெரிக்கர் நாக்கைச் சுழற்றிப் படிக்கிறார்.

இதை ஒழுங்குபடுத்த முயலாமல் இல்லை. 1913இல் மன்னர் வஜிராவுத் எழுத்தை முதன்மையாக வைத்து, சமஸ்கிருதச் சாயலில் ஒரு முறையை முன்வைத்தார். அரச குடும்பப் பெயர்களில் அந்த வாடை இன்றும் அடிக்கும். அரசின் பொதுமுறை ஒலியின் பக்கம் சாய்ந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1999 வடிவம். சாலைப் பலகைகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கலாம். சாதாரண தட்டச்சில் அடிக்கும்படி எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஐந்து தொனிகளையும் (சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்) உயிரின் குறில் நெடிலையும் அது கைவிட்டது. விலை சிறியதல்ல: சோறு, வெள்ளை, மலை, முழங்கால், செய்தி, நுழை என்ற ஆறு சொற்களும் இந்த முறையில் ஒரே 'காவ்'. என் பார்வையில், ஊர்ப்பெயர் காட்ட இது போதும். மொழி கற்க இதை நம்பக்கூடாது.

இரண்டு வேறு 'ச' ஒலிகளையும் இது ஒன்றாக்கிவிட்டது. பாங்காக்கின் பிரபல வார இறுதிச் சந்தை இருக்கும் சத்துசாக் அதற்குச் சாட்சி. (சது, சக்ரம் இரண்டும் சேர்ந்த பெயர்.) அரசுப் பலகையில் 'சி, எச்'. ஆனால் அந்தச் சந்தைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் செல்லப்பெயர் 'ஜேஜே', ஏனென்றால் வெளியார் காதில் அது 'ஜாத்துஜாக்' என்று விழுந்தது. நிறுவனங்களும் தனிமனிதர்களும் இந்த முறையைப் பொருட்படுத்துவதில்லை. சிட்லோம் ரயில் நிலையத்தின் பலகையில் முதல் அசை 'டி' (T) எழுத்தில் முடியும். அங்கேயே உள்ள பெரிய கடையின் பெயரில் அதே இடத்தில் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து (D) நிற்கும். தாய் எழுத்தில் உள்ளது கடைக்காரர் எழுதியது, காதில் விழுவது ரயில்காரர் எழுதியது.

2022 பிப்ரவரியில், இந்த எழுத்துமுறைக்குப் பொறுப்பான ராஜபண்டித சபை தலைநகரின் ஆங்கிலக் குறிப்பைத் திருத்துகிறது என்று செய்தி வந்ததும், பாங்காக்கின் பெயரே மாறுகிறது என்று ஊடகங்களில் ஒரே பரபரப்பு. சபை செய்தது இவ்வளவுதான்: தலைநகரின் தாய்லாந்துப் பெயரான 'குருங் தேப் மகா நக்கோன்' என்பதற்குப் பின்னால் அரைப்புள்ளி போட்டு 'பாங்காக்' என்று எழுதிவந்ததை, இனி அடைப்புக்குறிக்குள் எழுதலாம் என்றது.