‘ஓகே சார்’ என்றால் என்ன அர்த்தம்?

வெளிநாட்டுக் குழுக்களோடு வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒரு நாள் சோழிங்கநல்லூர், மறுநாள் ஒரகடம் என்று ஓட்டம். நான் அதிகம் பஞ்சாயத்து பண்ணிய சொல் எதுவென்றால், ‘ஓகே’.

ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனம். வீடியோ காலில் ஜெர்மன் மேலாளர், வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார். நம் பையன், “ஓகே சார்” என்றான். அவர் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்தது, வேலை பாதியில் நின்றது. அவருக்குத் தாமதம்கூடப் பெரிதில்லை. முன்பே ஏன் சொல்லவில்லை என்பதுதான் கோபம். பையனைத் தனியாகக் கேட்டேன். “முடியும்னு நான் சொல்லவே இல்லையே மேடம். ஓகேன்னுதான் சொன்னேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லாதே என்றுதானே வளர்த்திருக்கிறோம்? கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம், வர முடியாது என்று யார் சொல்கிறார்கள்? “கண்டிப்பா வந்துடறோம்” என்போம். அதன் அர்த்தம் பத்திரிகை வைத்தவருக்கும் தெரியும். ஜெர்மன்காரருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர் கேர்ட் ஹாஃப்ஸ்டெட் அளந்து பார்த்தார். 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்புதான் அடிப்படை. எண் கூடக் கூட, அந்தத் தூரத்தை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். இந்தியா 77, ஜெர்மனி 35. ஜப்பான் நம்மைவிட மேலே இருக்கும் என்று வகுப்பில் பந்தயமே கட்டுவார்கள். அது வெறும் 54. ஜப்பான் எகிறுவது வேறு இடத்தில். நிச்சயமில்லாத நிலையைத் தவிர்க்கப் பார்க்கும் குணத்தில் அவர்களுக்கு 92, நமக்கு 40. ஒரகடத்தில் “அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றதும் ஜப்பானியப் பொறியாளரின் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் இது ஒரே கம்பெனி ஊழியர்களிடம், அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த கணக்கு. 77 என்பது சராசரி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஜாதகம் இல்லை. ஒரு மேலாளர் இதே எண்ணைத் திரையில் போட்டு, ‘இந்தியர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்’ என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அப்போதே நீக்கச் சொன்னேன்.

இப்போது அந்த ஜெர்மன்காரர் “முடியுமா?” என்று கேட்பதில்லை, “எந்த நாள் முடியும்?” என்கிறார். போன வாரம் பையன், “திங்கட்கிழமைதான் முடியும்” என்று சொல்லிவிட்டானாம். பழக்கதோஷம், கூடவே ஒரு “சாரி சார்”.