எக்ஸிகியூட்டிவ்: நிர்வாகத்துறையா, ஆட்சித்துறையா?

சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அரசியல் பாடத்தில் வரும் எக்ஸிகியூட்டிவ் வேறு. சட்டம் இயற்றுவது ஒரு பிரிவு, அந்தச் சட்டத்தை வைத்து வழக்குகளைத் தீர்ப்பது இன்னொரு பிரிவு, சட்டத்தை நடைமுறைப்படுத்துவது எக்ஸிகியூட்டிவ். குடியரசுத் தலைவர், பிரதமர், அமைச்சர்கள் தொடங்கி காவல்துறை, கிராம நிர்வாக அலுவலர் வரை இதில் அடக்கம். பேச்சுவழக்கில் நாம் ‘கவர்மென்ட்’ என்பது பெரும்பாலும் இந்த ஒரு பிரிவைத்தான்.

வேர் லத்தீன். ‘எக்ஸ்’ என்பது வெளியே, முடிவு வரை. ‘செக்வி’ என்பது பின்தொடர்தல். எடுத்த காரியத்தைக் கடைசிவரை தொடர்ந்து முடிப்பது என்று பொருள். உயிலில் வரும் எக்ஸிகியூட்டர், நீதிமன்றத்தில் போடும் இ.பி. எனப்படும் நிறைவேற்று மனு, மரண தண்டனையைக் குறிக்கும் எக்ஸிகியூஷன் எல்லாம் இதே குடும்பம். மூன்று பிரிவு என்ற கணக்குக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ 1748இல் எழுதியபோது, தீர்ப்பு வழங்கும் அதிகாரத்தையும் முதலில் எக்ஸிகியூட்டிவின் ஒரு வகையாகவே சொல்லி, பிறகுதான் அதற்குத் தனிப்பெயர் கொடுத்தார். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பில் முதல் மூன்று உறுப்புகளும் (ஆர்ட்டிகிள்) வரிசையாக ஒவ்வொரு பிரிவுக்கு ஒதுக்கப்பட்டன, இரண்டாவது எக்ஸிகியூட்டிவுக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பரவலாக வழங்குவது நிர்வாகத்துறை. ‘நிர்வாஹ’ என்ற வடசொல்லுக்கும் இறுதிவரை சுமந்து சென்று முடித்தல் என்றுதான் பொருள், கிட்டத்தட்ட லத்தீன் வேரின் அதே கருத்து. ஆனால் இன்று நிர்வாகம் என்றதும் பள்ளி நிர்வாகம், கம்பெனி நிர்வாகம்தான் நினைவுக்கு வருகின்றன. அமைச்சரவையின் கொள்கை முடிவெல்லாம் அதில் அடங்குமா என்று பிளஸ் ஒன் மாணவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆட்சித்துறை என்ற சொல்லும் உண்டு. அதன் சிக்கல், மூன்று பிரிவும் சேர்ந்ததுதானே ஆட்சி என்பது.

இலங்கைத் தமிழர் நேராக வேரையே பிடித்தார்கள். 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த பதவியை ‘நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி’ என்றே எழுதுகிறார்கள். பொருளுக்கு மிக நெருங்கிய சொல் இதுதான். தமிழ்நாட்டில் மட்டும் இது வகுப்பறையில் உதைக்கும். ‘சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது’ என்று தினமும் செய்தியில் கேட்கிற பிள்ளை, நிறைவேற்றுத்துறை என்றால் சட்டமன்றம் என்றுதான் எழுதும்.

அதனால் என் ஓட்டு செயலாட்சித்துறைக்கு. செயற்பொறியாளர், செயல் அலுவலர், செயற்குழு என்று எக்ஸிகியூட்டிவுக்குச் ‘செயல்’ ஏற்கெனவே பழகிவிட்டது. தேர்வில் மட்டும் பாடநூல் சொல்வதை எழுதிவிடுங்கள்.

சொல் சரியாக இருந்தாலும் குழப்பம் வரும் இடங்கள் உண்டு. முதலமைச்சர் எந்தப் பிரிவு? நம் நாட்டில் சட்டம் இயற்றும் பிரிவு, செயலாட்சி இரண்டிலும் இருப்பார். சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். அமெரிக்காவில் தலைகீழ்: காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் உறுப்பினராக இருந்துகொண்டு அமைச்சரவைப் பதவி வகிக்க முடியாது.

அப்புறம் ‘எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்’. திருமணமான ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை என்று செய்தி வருகிறதே, அந்த ஆர்.டி.ஓ. அங்கே மாஜிஸ்திரேட்டாக இருக்கிறார். ஆனால் நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்ல. வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் வரியும் வாங்கினார், குற்ற வழக்கும் விசாரித்தார். நீதித்துறையைச் செயலாட்சியிலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசமைப்பின் 50ஆவது உறுப்பு சொன்னது. 2024 வரை நடப்பில் இருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாஜிஸ்திரேட்டுகளை நீதித்துறை நடுவர், நிர்வாகத்துறை நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) என்று இரண்டாகப் பிரித்தது. குற்ற வழக்கில் விசாரித்துத் தண்டிக்கும் வேலை முன்னவருக்குப் போனது. 144 தடை உத்தரவு, பிரேத விசாரணை போன்றவை பின்னவரிடம் நின்றன.