நாஜிகள் பறித்த ஓவியம் யாருடையது? தடம் பிடிப்பது எப்படி

ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பி வைப்பதுதான் ஆய்வாளரின் முதல் வேலை. துணியை இழுத்துக் கட்டியிருக்கும் மரச்சட்டத்தில் கலைக்கூடச் சீட்டு, ஏல எண், சுங்க முத்திரை என எதுவும் ஒட்டியிருக்கலாம். பாரிஸில் யூதர்களின் கலைப்பொருள்களைப் பறிக்க நாஜித் தலைவர் ரோசன்பெர்க் வைத்திருந்த படை, பறித்த ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளரைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் போட்டது. ‘ஆர்’ என்றால் ரோத்ஷில்ட் என்ற யூத வங்கியாளர் குடும்பம். மங்கிய மை சில சமயம் புற ஊதா ஒளியில் தெரியும். ஆனால் பழுதுபார்க்கும்போது பின்னால் புதுத் துணி ஒட்டியிருந்தால் எழுத்தெல்லாம் அதற்குள் மறைந்துவிடும். சட்டகம் மாறியிருந்தாலோ அதிலுள்ள சீட்டு வேறொரு ஓவியத்தைப் பற்றிப் பேசும்.

அடுத்தது காகிதம். 5,000 ரைஷ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேல் சொத்துள்ள யூதர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1938 ஏப்ரலில் நாஜி அரசின் உத்தரவு வந்தது. கொள்ளைக்காகத் தயாரித்த அந்தப் பட்டியல்களே இன்று வாரிசுகளுக்கு ஆதாரம். சிக்கல் என்னவென்றால், பல பட்டியல்களில் ‘நிலக்காட்சி, எண்ணெய் வண்ணம்’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அளவு இருந்தாலும் சட்டகத்தோடு அளந்ததா, இல்லாமலா என்பது தெரியாது.

ஏலப் பட்டியல்களிலும் விற்றவர் பெயர் பெரும்பாலும் முதலெழுத்தோடு நின்றுவிடும். ஏலக்காரர் ஓரத்தில் கையால் குறித்து வைத்த பிரதி கிடைத்தால்தான் விடிவு. மியூனிக்கில் வைன்முல்லர் ஏலக்கூடத்தின் அப்படிப்பட்ட பிரதிகள், விற்றவர் வாங்கியவர் பெயர்களோடு 2013இல் ஓர் இரும்பு அலமாரியிலிருந்து வெளிவந்தன.

‘விற்கப்பட்டது’ என்ற பதிவைக் கண்டதும் கோப்பை மூடிவிடக் கூடாது. பணம் விற்றவர் கைக்குப் போனதா என்று பார்க்க வேண்டும். ஓவியர் பிஸ்ஸாரோ 1897இல் பாரிஸின் செயின்ட்-ஒனோரே தெருவை மழை நேரத்தில் வரைந்த ஓவியம், பெர்லினின் காசிரர் குடும்பத்தில் இருந்தது. 1939இல் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி வேண்டி லில்லி காசிரர் அதை 900 ரைஷ்மார்க்குக்குக் கொடுத்தார். அந்த அற்பத் தொகையும் அவரால் எடுக்க முடியாத முடக்கப்பட்ட கணக்கில்தான் போடப்பட்டது. காகிதத்தில் விற்பனை, நடந்தது பறிப்பு.

இப்போது மாட்ரிட்டின் தைசென் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தின் பின்புறம், ‘பெர்லின்’ என்ற சொல்லோடு காசிரர் கலைக்கூடச் சீட்டின் கிழிசல் இன்னும் ஒட்டியிருக்கிறது. 1976இல் அதை வாங்கிய கலைச் சேகரிப்பாளர் பாரன் தைசெனுக்கு இதைப் பார்த்தே சந்தேகம் எழுந்திருக்க வேண்டும் என்று, லில்லியின் வாரிசுகள் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2019இல் சொன்னது. இருந்தும் ஓவியத்தை அருங்காட்சியகத்திடமே விட்டது, ஏனென்றால் நெடுங்காலம் கையில் வைத்திருந்தவருக்கு ஸ்பெயின் சட்டம் உரிமை தருகிறது. கலிபோர்னியா 2024இல் வாரிசுகளுக்குச் சாதகமாகப் புதுச் சட்டம் இயற்றியது. அதையொட்டி 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை மறுபடி விசாரிக்கக் கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பியது.