மாதம் நிறையாத விழித்திரை

கருவிலுள்ள குழந்தையின் விழித்திரையில் தொடக்கத்தில் இரத்தக் குழாய்களே இருப்பதில்லை. ஏறத்தாழ 16ஆம் வாரத்தில்தான் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து அவை கிளைத்துப் பரவத் தொடங்குகின்றன. மூக்குப் பக்கத்து விளிம்பை 36ஆம் வாரத்தை ஒட்டியும், காதுப் பக்கத்து விளிம்பை 40ஆம் வாரத்தை ஒட்டியும் எட்டுகின்றன. எனவே 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரை ஓரங்களில் குழாய்கள் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. இதிலிருந்து எழக்கூடியதே குறைமாத விழித்திரை நோய் (ஆர்ஓபி).

அக்குழாய்களை முன்னோக்கி இழுப்பது ஆக்சிஜன் பற்றாக்குறைதான். வளரும் திசு ஆக்சிஜன் போதாதபோது விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரக்க, அதை நாடிக் குழாய்கள் வளர்கின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, கருப்பையில் கிடைத்ததைவிட மிகுதியான ஆக்சிஜன் வெளிக்காற்றிலேயே கிடைத்துவிடுவதால், சுரப்பு தணிந்து வளர்ச்சி நின்றுபோகிறது. இதற்கிடையே ஒளியை உணரும் செல்கள் முதிர்ந்து, அவற்றின் ஆக்சிஜன் தேவை ஏறுகிறது. கருவுற்ற கணக்கில் 32ஆம் வாரத்தை ஒட்டி, பட்டினி கிடந்த ஓரப்பகுதி விஇஜிஎஃபை அளவுமீறிச் சுரக்கத் தொடங்குகிறது. அப்போது முளைக்கும் குழாய்கள் ஒழுங்கின்றி விழித்திரையை விட்டு வெளியே வளர்ந்து, கசிந்து, தழும்பாகிச் சுருங்கினால் விழித்திரையையே பிய்த்தெடுத்துவிடும்.

1942இல் பாஸ்டன் மருத்துவர் தியடோர் டெரி இந்நோயை விவரித்தார். தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஆக்சிஜனே காரணமாகலாம் என்று 1951இல் மெல்போர்னின் கேட் கேம்பல் சுட்டிக்காட்டினார். அதற்காக ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்துவிடவும் முடியாது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரத்த ஆக்சிஜன் செறிவை 85 முதல் 89 விழுக்காட்டுக்குள் வைத்த குழந்தைகளிடையே கடுமையான கண்நோய் குறைந்தது, இறப்போ கூடியது.

தென்னாப்பிரிக்க வழிகாட்டுதலின்படி, 1,500 கிராமுக்குக் குறைவான எடையிலோ 32 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு 4 முதல் 6 வார வயதில் விழித்திரைச் சோதனை நடக்க வேண்டும். மிகவும் முன்னதாகப் பிறந்திருந்தால், கருவுற்ற கணக்கில் 31 முதல் 33 வாரம் ஆகும்வரை பொறுக்கலாம். 31 வாரத்தில் பிறந்து நன்றாக எடை ஏறிய குழந்தை அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். நாற்பது நாள் கழியும் வரை தாயையும் சேயையும் வாசல் தாண்ட விடாத ஆயாக்கள், தமிழர் வாழும் டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் இன்றும் உண்டு. சோதனை நாளும் அந்த நாற்பதுக்குள் விழக்கூடும். இந்த ஒன்றுக்கு மட்டும் வழக்கத்தைத் தளர்த்தத்தான் வேண்டும், ஏனெனில் கடுமையான நோய் தென்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும்.

சோதனையைப் பார்க்கச் சற்று மனம் பதறும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, இமைகளைச் சிறு கம்பிக் கவ்வியால் திறந்து பிடித்து, தலையில் விளக்கு கட்டிய மருத்துவர் கையிலுள்ள வில்லை வழியே ஓரங்களை உற்றுப் பார்ப்பார். குழந்தையின் வாயில் சில துளி சர்க்கரை நீர் வைப்பார்கள். குழாய்கள் பரவிய சிவந்த பகுதிக்கும், எட்டாத வெளிறிய பகுதிக்கும் நடுவே வெண்மையான கோடு தெரிந்தால் அது முதல் நிலை. அது தடித்து மேடானால் இரண்டாம் நிலை. லேசான நோய் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அடங்காததற்கு லேசர் கொண்டு ஓரப்பகுதியைச் சுட்டு விஇஜிஎஃப் சுரப்பை நிறுத்துவதோ, அப்புரதத்தைத் தடுக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடுவதோ உண்டு. ஊசிக்குப் பின் நோய் தாமதமாகத் திரும்பக்கூடும் என்பதால் கண்காணிப்பு நீளும்.

குழாய்கள் சீரடைந்த பிறகும் விழித்திரை முழுமையாக மீண்டுவிட்டதாகக் கொள்ள முடியாது. மங்கலான ஒளியை உணரும் குச்சிச் செல்கள் முதிரும் காலமும் இந்நோய் தோன்றும் காலமும் ஒன்றே. கருவிழியில் மின்முனை வைத்து, மெல்லிய ஒளியைப் பாய்ச்சி விழித்திரையின் மின்துடிப்பை அளந்தால், லேசான நோய் வந்து தானே ஆறிய குழந்தைகளிடமும் பல ஆண்டுகளுக்குப் பின் இச்செல்களின் கூருணர்வு குறைந்திருப்பது தெரிகிறது. கூர்மையான பார்வைக்கு உதவும் விழித்திரையின் நடுப்பள்ளமும் பலருக்கு ஆழம் குறைந்தே அமைகிறது. விலகிச் செல்ல வேண்டிய உள்ளடுக்குகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் குழந்தை எழுத்துப் பலகையை நன்றாக வாசிக்கலாம். கிட்டப்பார்வை, மாறுகண் ஆகியவையே பெற்றோர் கண்ணில் படக்கூடியவை. பள்ளி சேருமுன் கண்ணாடிச் சோதனை செய்தால் இவற்றைப் பெரும்பாலும் காலத்தில் கண்டுகொள்ளலாம்.