வரி மசோதாவில் திருத்தம் சொல்ல: எப்போது, யாரிடம், எப்படி எழுதுவது

வருமான வரி மசோதா நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டால் அதன்பின் நாம் செய்ய எதுவும் இல்லை என்றுதான் பல ஆடிட்டர்கள்கூட நினைக்கிறார்கள். 2025இல் நடந்ததைப் பாருங்கள். புதிய வருமான வரி மசோதா பிப்ரவரி 13 அன்று மக்களவைக்கு வந்தது. பைஜயந்த் பாண்டா தலைமையில் 31 உறுப்பினர்கள் கொண்ட தெரிவுக் குழு அதை ஆராய்ந்து, ஜூலை 21 அன்று 285 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. ஆகஸ்ட் 8 அன்று அரசு அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றது. திருத்திய மசோதா 11ஆம் தேதி அறிமுகமாகி, மறுநாளுக்குள் இரு அவைகளையும் கடந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று வகுக்கப்பட்ட சட்டம் அதுதான்.

மாறியவை எவை என்று பார்த்தால் ஒன்று புரியும். முதல் மசோதாவின் 263ஆவது ஷரத்தின்படி (மசோதாவில் ‘ஷரத்து’, சட்டமானபின் ‘பிரிவு’), ரீஃபண்ட் கேட்பவர் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். வரி வரம்புக்குக் கீழே வருமானம் உள்ள ஒருவருக்கு வங்கி முன்கூட்டியே வரி (டிடிஎஸ்) பிடித்திருக்கும். அவர் ஒரு நாள் தாமதித்தாலும் சொந்தப் பணம் திரும்பி வராது. குழு அந்த வாசகத்தை நீக்கச் சொன்னது, நீக்கப்பட்டது. வீட்டு வருமானத்தில் 30 சதவீதக் கழிவை நகராட்சி வரி போக உள்ள தொகையில்தான் கணக்கிட வேண்டும் என்பதும் தெளிவாக்கப்பட்டது. வரியே கட்ட வேண்டியிராதவர்கள், வரிப்பிடித்தம் வேண்டாம் என்று சான்றிதழ் பெறும் வழியும் மசோதாவில் விடுபட்டுப்போயிருந்தது. அதுவும் திரும்ப வந்தது. இவற்றில் எதுவும் வரி விகிதம் பற்றியதல்ல. எல்லாம் எழுத்தில் நேர்ந்த பிழை, விடுபடல். அன்றாடம் கணக்குப் போடுபவர் கண்ணில்தான் இவை முதலில் படும்.

எந்த வாசலைத் தட்டுவது என்பது மசோதா அப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பட்ஜெட்டுக்குச் சில மாதங்கள் முன்பே நிதி அமைச்சகம் தொழில் அமைப்புகளிடம் கருத்துக் கேட்கும். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் உறுப்பினர்கள் சொல்வதைத் தொகுத்து பட்ஜெட்டுக்கு முந்தைய கோரிக்கை மனுவாகத் தரும். புதிய கோரிக்கைக்கு ஏற்ற காலம் அதுதான். பட்ஜெட் வரும் பிப்ரவரி 1க்குப் பிறகு, அதன் வரி மாற்றங்களைத் தாங்கி மேசைமேல் இருக்கும் நிதி மசோதாவின் வாசகத்தைத் திருத்த மட்டுமே நேரம் இருக்கும். மசோதா தெரிவுக் குழுவுக்குப் போனால் குழுவே விளம்பரம் கொடுத்து மனு கேட்கும். நேரில் விளக்க விரும்பினால் அதை மனுவிலேயே குறிப்பிட வேண்டும். கொடுத்த மனு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமாகக் கருதப்படும். அதை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது குழுவின் உரிமையை மீறுவதாகலாம்.

நிதி மசோதா பொதுவாகக் குழுவுக்குப் போவதில்லை. அப்போது அமைச்சகமும் உங்கள் மக்களவை உறுப்பினரும்தான் வாசல். வரியைக் குறைக்கவோ நீக்கவோ கோரும் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் முன்பரிந்துரை தேவையில்லை என்று அரசியலமைப்பின் 117ஆவது பிரிவே சொல்கிறது. எந்த உறுப்பினரும் முன்மொழியலாம். பெரும்பாலும் நிறைவேறுவது அரசு கொண்டுவரும் திருத்தம்தான் என்றாலும், அவையில் எழுந்த கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டிவரும். 2024 ஜூலை 23 பட்ஜெட், நிலம், வீடு விற்ற லாபத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டலை (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவதை) எடுத்துவிட்டு 12.5 சதவீத வரி என்றது. எதிர்ப்பு வலுத்ததும், அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்துக்கு, இங்கே வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கைப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று ஆகஸ்டில் மாற்றினார்கள்.

இனி மனு. ஒரு ஷரத்துக்கு ஒரு பக்கம் போதும். மேலே ஷரத்து எண், உட்பிரிவு, பழைய 1961 வருமான வரிச் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு. அடுத்து, இப்போதைய வாசகம் அப்படியே. அதன்கீழ் பாதிப்பு, எண்ணோடு. எடுத்துக்காட்டு: வீட்டைக் கட்டி முடிக்கும் முன் வீட்டுக் கடனுக்குச் செலுத்திய வட்டி 5,00,000 ரூபாய். பழைய சட்டப்படி இது ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்கு 1,00,000 ரூபாயாக வருமானத்தில் கழியும். முதல் மசோதாவின் வாசகமோ வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இது உண்டா என்ற சந்தேகத்தை எழுப்பியது. இல்லையென்றால், 30 சதவீத வரம்பில் உள்ளவருக்கு செஸ் சேர்த்து ஆண்டுக்கு 31,200 ரூபாய் கூடுதல் வரி. இந்த ஒரு கணக்கு பத்துப் பக்க வாதத்தைவிட வேகமாகப் புரியும். இந்தத் திருத்தமும் ஏற்கப்பட்டது.

கடைசியாக, மாற்று வாசகம். பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். “இந்தப் பிரிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும்” என்று முடித்துவிட்டால், படிப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? “இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள்” என்று எழுதிக் கொடுங்கள். எழுதியபின் அதே சொல் மசோதாவில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் மாற்றி அட்டவணையில் விட்டால் புதிய வழக்குக்கு நாமே வித்திட்டதாகும். பழைய சட்டத்தை நீக்கும் கடைசிப் பிரிவையும் படிக்க வேண்டும். நிலுவையில் உள்ள மதிப்பீடுகளின் கதி அங்கேதான் இருக்கிறது.

வாடிக்கையாளரின் கணக்கை எடுத்துக்காட்டாகத் தரும்போது பெயர், பான் எண், ஊர் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவது பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழில் ஒழுங்கீனம். விகிதம் குறைக்கும் கோரிக்கையையும் வாசகத் திருத்தத்தையும் ஒரே மனுவில் கலக்கவும் வேண்டாம். முதலாவது அரசின் கொள்கை முடிவு. அதோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டாவதும் அதன் கூடவே ஒதுக்கப்படும்.

குழு அறிக்கை வந்ததும் உங்கள் ஷரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால், விதிகளுக்கும் படிவங்களுக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியம் கருத்துக் கேட்கும்போது அதே பக்கத்தை அங்கே அனுப்பலாம். 2025 மார்ச்சில் வரித் துறையின் இணையதளத்தில் இதற்கென ஒரு பக்கமே திறந்தார்கள்; பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்து, ஓடிபி வந்ததும், விதி எண் அல்லது படிவ எண்ணைக் குறிப்பிட்டுத்தான் பதிய வேண்டும். சட்ட வாசகத்திலேயே இருக்கும் பிழையை விதியால் சரிசெய்ய முடியாது. அதற்கு அடுத்த நிதி மசோதாதான். அதே பக்கத்தில் ‘ஷரத்து’ என்பதைப் ‘பிரிவு’ என்று மாற்றி, புது எண்ணைப் போட்டு அனுப்புங்கள்.