இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்குப் போகிறதா, தொண்டையோடு நின்றுவிடுகிறதா?

இன்ஹேலரை வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் மருந்து நேராக நுரையீரலுக்குப் போய்விடும் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப் போவதில்லை. ஸ்பிரே வகை இன்ஹேலரில் முறையாக இழுத்தாலும், பெரும்பாலான மருந்துகளில் சுமார் 10 முதல் 20 சதவீதம்தான் ஆழமாக உள்ளே போகும், மிச்சமெல்லாம் நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். தப்பாக இழுத்தால் அந்தக் கொஞ்சமும் கிடையாது. சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ ஆஸ்துமாவோ இருந்து, தினமும் தவறாமல் இன்ஹேலர் எடுத்தும் மூச்சுத் திணறல் குறையவில்லை என்றால், டோஸைக் கூட்டுவதற்கு முன்னால் பார்க்கவேண்டியது மருந்து போய்ச் சேருகிறதா என்பதைத்தான்.

எல்லாம் துகளின் அளவைப் பொறுத்தது. தொண்டையில் காற்று கிட்டத்தட்ட செங்குத்தாகத் திரும்புகிறது, அதற்குக் கீழே மூச்சுக்குழாய் இரண்டு இரண்டாக ஏறத்தாழ 23 முறை கிளை பிரிந்துகொண்டே போகிறது. 5 மைக்ரானைவிடப் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துகள் வேகமாக வந்தால் அந்த முதல் திருப்பத்திலேயே திரும்ப முடியாமல் சுவரில் மோதி நின்றுவிடும். 1 மைக்ரானுக்கும் கீழே இருந்தால் பெரும்பாலும் எங்கேயும் படியாமல் காற்றோடு மிதந்து, விடுகிற மூச்சோடு வெளியே வந்துவிடும். நமக்கு வேண்டியது இடையில் இருக்கிற 1 முதல் 5 மைக்ரான் வரையிலான துகள்.

இவ்வளவு கஷ்டப்படுவதற்கு மாத்திரையே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மாத்திரை ஒன்று 2 அல்லது 4 மில்லிகிராம், இன்ஹேலரில் ஒரு பஃப், அதாவது ஒரு அழுத்து, 100 மைக்ரோகிராம். அதாவது 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது 40 பஃப் மருந்து. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் மூச்சுக்குழாய்க்கு வரும், அதனால் கை நடுக்கமும் படபடப்பும் கூடும். இன்ஹேலரிலும் அவை வரலாம், ஆனால் குறைவு.

இப்போது இழுக்கிற விதத்துக்கு வருவோம், தவறு அதிகம் நடப்பது இங்கேதான். இன்ஹேலர்களில் பரவலாகப் புழங்குவது இரண்டு வகை, இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிரான மூச்சைக் கேட்கின்றன. ஒன்று ஸ்பிரே வகை. 1956ல் ரைக்கர் லேபரட்டரீஸ் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாசனைத் திரவியத்தை அடிக்கிற மாதிரி ஆஸ்துமா மருந்தையும் ஏன் அடிக்கக் கூடாது என்று அதன் தலைவர் ஜார்ஜ் மைசனின் பதின்வயது மகள் கேட்டதிலிருந்து பிறந்த யோசனை என்பார்கள். சின்ன உலோகக் குப்பிக்குள் அழுத்தத்தில் திரவமாக அடைத்துவைத்த வாயு இருக்கிறது. பல இன்ஹேலர்களில் மருந்து அதில் கரையாமல் தூளாக மிதந்துகொண்டிருக்கும், அதனால்தான் குலுக்கச் சொல்கிறார்கள். அழுத்தினால் அளந்து வைத்த ஒரு துளி மட்டும் வெளியே வந்து, அந்த வாயு சட்டென்று கொதித்து ஆவியாகி, மருந்து புகைபோலச் சிதறுகிறது. புகை வரும் வேகம் ஏற்கெனவே அதிகம், நாமும் வேகமாக உறிஞ்சினால் எல்லாம் தொண்டையில்தான் போய் அறையும். ஆகவே முதலில் மூச்சை நன்றாக வெளியே விட்டுவிட்டு, உதட்டை இறுக்கமாக மூடி, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கிற அந்த நொடியில் அழுத்தி, 4, 5 விநாடி நிதானமாக இழுத்து, அப்புறம் முடிந்தால் 10 விநாடி மூச்சைப் பிடித்து வைக்கவேண்டும். அந்த 10 விநாடியில்தான் துகள்கள் படியும். இழுக்கும்போது வாயோரத்திலோ இன்ஹேலரின் மேல் பக்கத்திலோ வெள்ளையாகப் புகை கிளம்பினால் அந்த டோஸில் ஒரு பகுதி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று பவுடர் வகை. இதில் அழுத்தம் தருகிற வாயு கிடையாது, நம் மூச்சின் வேகம்தான் பவுடரைக் கலைத்துப் பொடிப்பொடியாக்கவேண்டும், ஆகவே இங்கே ஆரம்பத்திலிருந்தே பலமாகவும் ஆழமாகவும் இழுக்கவேண்டும். ஸ்பிரேயில் பழகியவர் அதே மெதுவான மூச்சில் இதை இழுத்தால் பவுடர் கட்டியாகவே வந்து தொண்டையில் உட்கார்ந்துவிடும். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் சில கருவிகளில் சரியாக இழுத்தால் கேப்ஸ்யூல் உள்ளே படபடவென்று சுழலும் சத்தம் கேட்கும். முடித்ததும் திறந்து பார்த்து, பவுடர் மிச்சம் இருந்தால் இன்னொருமுறை இழுக்கலாம். அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரைபோல விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு, விழுங்கினால் நுரையீரலுக்கு ஒரு பயனும் இல்லை. கருவிக்குள் மூச்சை விடவும் கூடாது, ஈரம் பட்டால் பவுடர் கட்டிப் போய்விடும்.

ஸ்பிரேயை அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் கைகூடவில்லை என்றால் (வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் கைகூடாது) ஸ்பேசர் வாங்கிக்கொள்வது நல்லது. அது இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்துகிற வெறும் பிளாஸ்டிக் குடுவைதான், ஆனால் பெரிய துகள்கள் அதன் சுவரிலேயே தங்கிவிடும், சிறியவை காற்றில் நின்று நமக்காகக் காத்திருக்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காமல் அப்படியே காயவிடவேண்டும், துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

சரி, மருந்து போய்ச் சேர்ந்தாலும் எது எந்த வேலையைச் செய்கிறது என்பதில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. சால்பூட்டமால் ஐந்து நிமிடத்துக்குள் குழாயை விரித்துவிடும், 4 முதல் 6 மணி நேரம் தாங்கும், அது அவசரத்துக்கு. தினசரி இன்ஹேலரில் இருக்கிற சால்மெடெரால் 12 மணி நேரம், டயோட்ரோபியம் 24 மணி நேரம் வேலை செய்யும். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்க நாட்களும் வாரங்களும் எடுத்துக்கொள்ளும். இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது என்பதால்தான் தினசரி இன்ஹேலரை முதலில் கைவிடுகிறார்கள், உடனே சுகம் தருகிற சால்பூட்டமாலை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆஸ்துமாவில் இது ஆபத்தான பழக்கம்: வீக்கம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. 2019ல் ஜினா சர்வதேச வழிகாட்டி சால்பூட்டமால் போன்றவற்றை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று சொல்லிவிட்டது. சால்மெடெராலை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக எடுப்பதும் ஆஸ்துமாவில் கூடாது. சிஓபிடியில் கணக்கு வேறு. அங்கே முதலிடம் குழாயை விரிக்கும் மருந்துக்குத்தான், ஸ்டீராய்டு எல்லாருக்கும் தேவைப்படாது, நிமோனியா வரும் வாய்ப்பையும் அது கூட்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் இன்ஹேலர் அவருக்கு நன்றாகக் கேட்டது என்பது நமக்கு ஒரு காரணமே இல்லை.

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்த ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், விழுங்காதீர்கள். தொண்டையில் தங்கும் மருந்தால்தான் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படர்கிறது, குரல் கம்முகிறது. டயோட்ரோபியம் வகை வாயை உலர்த்தும், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம், சில வகைக் கண் அழுத்த நோய் இருப்பவர்கள் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது, கண் மருத்துவரிடம் நுரையீரல் நோயைச் சொல்ல மறப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக எடுக்கவேண்டாம். குப்பி தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வித்தையும் நம்பத்தக்கதல்ல, ஏனென்றால் மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் புஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும். எண் காட்டும் கருவி இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் எத்தனை பஃப் எடுத்தோம் என்று குறித்துவையுங்கள்.

அவசர இன்ஹேலர் வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்பட ஆரம்பித்தால் சீக்கிரம் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அதை இழுத்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழப்பமோ அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கமோ தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும், கையில் இருக்கிற எல்லா இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு.