கெப் வாகனத்தின் முன்பக்கத்தை உயர்த்தச் சொல்லுமுன்

கெப் வாகனத்தின் முன்பக்கத்தை உயர்த்திக்கொண்டு, பிறகு ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுக்கிறது, ரயர் தேய்கிறது என்ற முறைப்பாட்டுடன் எங்கள் வேலைத்தளத்துக்கு வருவோர் குறைவதாக இல்லை. அண்மையில் வடமராட்சி கிழக்கிலிருந்து வந்த, மீன் ஏற்றும் பழைய டி-மக்ஸ் கெப் ஒன்றைப் பார்த்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முன் ரயர்கள் இரண்டும் புதிதாகப் போட்டவை. ஆனால் வெளி விளிம்பு மொட்டையாகியிருந்தது. உள்ளங்கையால் ரயரைக் குறுக்காகத் தடவியபோது ஒரு திசையில் வழுவழுப்பாகவும், மறுதிசையில் ஒவ்வொரு கட்டையின் ஓரமும் கையில் குத்துவதாகவும் இருந்தது. சக்கரங்கள் நேராக உருளாமல் வீதியில் உரசிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. உட்புறத்தில், முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சீ.வி. ஜொயின்டின் ரப்பர் உறை கிழிந்து, கிறீஸும் மணலும் குழைந்து, சக்கரத்தைத் தாங்கும் கையான ஆர்ம் முழுவதும் அப்பியிருந்தது. உரிமையாளர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அண்ணை, போல்ட்டை நாலு சுத்து இறுக்கினா முன்பக்கம் உரமாகும் எண்டு சொன்னவங்கள்."

உரமாகாது. இதைத் தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். முதல் தலைமுறை டி-மக்ஸ், விகோவுக்கு முன்னைய ஹைலக்ஸ்களில் பல, பழைய நவாரா போன்றவற்றின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. டோர்ஷன் பார் எனப்படும் நீண்ட உருக்குத் தண்டு முறுக்குப்பட்டுப் பாரத்தைத் தாங்குகிறது. அந்தத் தண்டு எவ்வளவு விறைப்பானது என்பதை அதன் தடிப்பும் நீளமும் உருக்கின் தன்மையுமே தீர்மானிக்கின்றன. தண்டின் முனையில் உயரத்தைச் சரிசெய்ய இருக்கும் போல்ட்டைச் சுற்றுவதால் இவற்றில் எதுவும் மாறுவதில்லை. முன்பக்கத்தில் இஞ்சினும் பொடியும் சேர்ந்து எவ்வளவு பாரமோ, அவ்வளவுக்குத்தான் தண்டு முறுக்குப்பட்டு நிற்கும். நீங்கள் இறுக்கும்போது தண்டின் மறுமுனை திரும்புகிறது, வாகனம் அந்த அளவுக்கு மேலெழும்புகிறது, முறுக்கு ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கிறது. கூடியது உயரம் மட்டுமே. தாங்கும் வலு ஒரு கிலோவுக்குக்கூடக் கூடவில்லை.

"அப்படியென்றால் ஓடும்போது ஏன் இறுக்கமாக இருக்கிறது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். சக்கரம் மேலே போவதற்கு இடம் வேண்டியதுபோலவே, குழியில் கீழே இறங்குவதற்கும் இடம் வேண்டும். முன்பக்கத்தை அளவுக்கு மேல் உயர்த்தியபின் ஆர்ம் அந்தக் கீழிறக்கத்தின் எல்லையிலேயே நிற்பதால், சின்னப் பள்ளத்துக்கும் அது தடுப்பு ரப்பரில் போய் அடிக்கிறது. நீங்கள் உரம் என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கிய அந்த இறுக்கம், ஆர்ம் தடுப்பில் மோதும் மோதல். அது ஒவ்வொரு நாளும் ஆர்மின் மூட்டுகளிலுள்ள போல் ஜொயின்டையும் ரப்பர் புஷ்களையும் சாப்பிடுகிறது.

சுருள் ஸ்பிரிங் உள்ள விகோ, ரெவோ ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். சொக் அப்சோபருக்கு மேல் வைக்கும் ஒரு அங்குல ஸ்பேசர் (உயர்த்தும் தட்டு), சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குல உயர்வாக வெளிப்படும். இரண்டு அங்குலம் வேண்டும் என்று இரண்டு அங்குல ஸ்பேசரையே வைத்துவிடுகிறார்கள். அப்புறம் சக்கரம் எப்படிச் சாய்ந்து, எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்பதைச் சொல்லும் கம்பர், காஸ்டர், டோ என்ற மூன்று கோணங்களும் விலகி, வளைவில் திருப்பிய ஸ்ரியறிங் தானாக நேருக்கு வராமல் நிற்கும்.

வெள்ளத்துக்கும் மணலுக்கும் வேண்டும் என்று சொல்வோரின் தேவை எனக்கு விளங்குகிறது. மாரியில் உள்வீதிகளும் மணற்காட்டுப் பக்கத்து மணலும் எப்படியிருக்கும் என்று தெரியாதவன் அல்ல. ஆனால் உங்கள் கெப்பின் கீழ் மிகத் தாழ்ந்து நிற்பது பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷல் குண்டு. அது நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ரயரின் அளவு மட்டுமே முடிவு செய்கிறது. முன் மூக்கை எவ்வளவு தூக்கினாலும் அது அரை அங்குலமும் உயராது. மணலில் ரயர்க் காற்றைக் குறைத்து ஓட்டி, தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடித்துக்கொள்வது இதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

முன்பக்கம் உண்மையாகவே தாழ்ந்து போயிருந்தால், அதைக் கம்பனி சொன்ன உயரத்துக்குக் கொண்டு வருவது நியாயமான வேலை. அதற்கு முதலில் அளவெடுங்கள்: சமதரையில், காற்றுச் சரியாக இருக்கும்போது, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை, இரண்டு பக்கமும். புஷ் தேய்ந்து தாழ்ந்த வாகனத்துக்குப் போல்ட் மருந்தல்ல. அதற்கு மேல் உயரத்தைக் கூட்டுவதென்றாலும், ஆர்ம் மாற்றாமல் நாற்பது மில்லிமீற்றரைத் தாண்ட நான் சம்மதிப்பதில்லை.

மீன் ஏற்றும் வாகனக்காரரிடம் குறிப்பாகச் சொல்கிறேன். உப்புத் தண்ணீர் வடிந்து அந்த போல்ட்டின் புரி துருவேறியிருக்கும். வாகனத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, தண்டின் பாரத்தை இறக்காமல் அதில் கை வைக்கவே கூடாது. புரி கழன்றால் தண்டில் தேங்கிய முறுக்கு முழுவதும் ஒரே நொடியில் விடுபடும். இறுகிவிட்டது என்று காஸ் சுவாலை பிடிப்பவரிடமிருந்து வாகனத்தை உடனே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சூடுபட்ட உருக்கு தன் பதத்தை இழந்துவிடும். தண்டுகளைக் கழற்றினால் இடது, வலது அடையாளத்தைப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல.

முன்னைத் தூக்கியதால் பின்னையும் தூக்குவோர் உண்டு. பல கெப்களில் பின் அச்சின் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் உயர்ந்தால், பெட்டி வெறுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அது பிரேக்கைக் குறைத்துவிடும். வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கு இறங்கும் வாகனத்துக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்கத் தேவையில்லை.

உயரத்தை மாற்றிய அன்றே, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் எலைன்மன்டைச் செய்யுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். மூக்கு உயர்ந்த கெப்பின் வெளிச்சம், ஏ-9 வீதியில் பரந்தனைத் தாண்டி இரவில் எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழுகிறது, அவருக்கு முன்னால் மாடு படுத்திருந்தாலும் அவரால் காண முடியாது. ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் உயரத்தையும் எலைன்மன்டையும் இன்னொரு முறை பார்ப்பதற்கு வாகனத்தைக் கொண்டு வாருங்கள்.